துளி வெளிச்சமும் வராத துணி

ஆய்வு நிலையம், வடக்குக் கியூபெக்
22 ஜூன் 2025

அன்புள்ள டினோஜன் அண்ணைக்கு,

நுளம்பு கடித்து முகம் வீங்கிக் கிடப்பதை விட்டால் நான் சுகம். உங்களுக்கும் அம்மாவுக்கும் வித்தியா மச்சாளுக்கும் பிறந்து ஒரு மாதமான என் மருமகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. செய்மதி இணையம் ஆய்வுத் தரவுகளுக்கும் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலுக்கும் மட்டும்தான். வியாழக்கிழமை விமானத்தில் தபால் பை வரும், போகும். அம்மாவும் என் கையெழுத்தைக் கண்டால்தான் நான் உயிரோடு இருப்பதை நம்புவார்.

கோயிலில் கேட்பவர்களிடம் "தங்கச்சி ஐஸ் ஆராய்ச்சி செய்யிறாள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இங்கே புல்லுக்கும் பாசிக்கும் கீழே ஆயிரக்கணக்கான வருடங்களாக உறைந்து கிடந்த மண் இளகிக்கொண்டிருக்கிறது. அதற்குள் கிடந்த பழைய வேர்களும் இலைகளும் இப்போதுதான் மக்கத் தொடங்குகின்றன. மக்கினால் காபனீரொட்சைட்டு, நாங்கள் மூச்சில் விடும் அதே வாயு, வெளியே வரும். மேலே வளரும் செடிகள் வெயிலில் அதையே உள்ளே இழுக்கும். நிலம் இழுப்பது அதிகமா, விடுவது அதிகமா? அதுதான் கேள்வி. என் பட்டமும் அதில்தான் தொங்குகிறது.

இருபத்துநான்கு இடங்களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை மூன்று நிமிடம் அளக்கிறேன். பிறகு பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடி இன்னொரு மூன்று நிமிடம். இருட்டில் செடி இழுப்பதை நிறுத்திவிடும். மண் விடும் மூச்சு மட்டும் தெரியும். அந்த இருட்டு எண்ணை வைத்துத்தான் நாள் முழுவதும் நிலம் எவ்வளவு விட்டது என்று கணிப்போம்.

நேற்றுக் காற்று அந்தத் துணியை ஏரிக்குள் கொண்டுபோய்விட்டது. பல்கலைக்கழகத்திடம் கேட்டால் கொள்முதல் படிவமாம், மூன்று கையொப்பமாம், ஆறு கிழமையாம், அதாவது ஒன்றரை மாதம். நன்கொடை கொடுக்கும் ஆட்கள் ஹெலிகொப்டரில் வந்து படமெடுக்க இரண்டு நாளில் அனுமதி வந்தது. இரண்டு மீற்றர் துணிக்கு ஆறு கிழமை.

ஆகவே நீங்கள்தான் வாங்கவேண்டும். யன்னல் திரைக்குப் பாவிக்கும், வெளிச்சம் புகவே புகாத தடித்த கறுப்புத் துணி. அளவுகளை மறுபக்கத்தில் கீறியிருக்கிறேன். அம்மா பெட்டிக்கு உறை போலத் தைத்துத் தரட்டும். தாமதிக்க வேண்டாம் அண்ணை, கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தங்கை
மெலனி


பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
3 ஜூலை 2025

அன்புத் தங்கச்சி மெலனிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பிள்ளை பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கிறாள். ஆகவே வித்தியாவும் நானும் பேய் பிடித்தவர்கள் மாதிரித் திரிகிறோம். உன் வீக்கம் வற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

துணி இத்துடன் வருகிறது. ஜோன் தலோன் தெருக் கடையில் நானே வாங்கினேன். துளி வெளிச்சமும் வராது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். கறுப்பு வாங்க அம்மா விடவில்லை. "பொம்பிளைப் பிள்ளை தனிய இருக்கிற இடத்துக்குக் கறுப்புத் துணி அனுப்புறதோ? அங்க என்ன செத்த வீடோ?" என்று நின்றார். அதனால் கடும் ஊதா. செடிக்கு நிறம் தெரியவா போகிறது? இரண்டு மடிப்பாகத் தைத்திருக்கிறார்.

காலையில் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் வேலை, பின்னேரம் டவுன்டவுன் உணவகத்துக் குசினி. நடுவில் உனக்குத் துணி வாங்கப் போனவன் நான். அடுத்தமுறை காற்று வரும்போது கெட்டியாகப் பிடி.

இன்னொன்று. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் வைத்தாயிற்று. நீ ஐந்தாம் தேதி வந்துவிடுவாய் என்பதால் வைத்த நாள். நீதான் ஞானத்தாய். மண்டபத்துக்கும் சொல்லிவிட்டேன். மறக்காதே.

அண்ணன்
டினோஜன்


ஆய்வு நிலையம்
15 ஜூலை 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நலமே. நீங்கள் கொஞ்சமாவது நித்திரை கொள்ளுங்கள்.

பத்தாம் தேதி துணி வந்தது. அம்மா குருவானவரின் பூசை உடுப்பு மாதிரி ஓரம் மடித்துத் தைத்திருக்கிறார். பெட்டிக்குக் கச்சிதம். அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். களக் குறிப்பேட்டில் "புதிய உறை, கடையில் வாங்கிய திரைத்துணி, வெளிச்சம் புகாது" என்று எழுதி ஒப்பமிட்டேன்.

எண்கள் நன்றாக வருகின்றன. மண் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் விடுகிறது. நிலம் இழுக்கும் பக்கம் சாய்கிறது. பேராசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருடைய பதிலில் ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. செப்டெம்பர் அறிக்கையில் முதற்பக்கத்திலேயே போடப் போகிறாராம். நிலம் இன்னும் எங்களுக்காக உழைக்கிறது என்று சொன்னால் காசு கொடுப்பவர்களுக்கு நன்றாக நித்திரை வரும்.

கரடிக்குக் காவலாக எங்களோடு வரும் லூகாசி என்ற இனுயிட் பழங்குடி மனிதர் தன் வேட்டைக் குடிலைக் காட்டினார். கீழே மண் இளகியதால் ஒரு பக்கம் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது. "இதை அளக்க யாராவது வருவார்களா?" என்று கேட்டார்.

ஞானத்தாய்க்கு என்ன உடுப்பு என்று மச்சாளிடம் கேட்டு எழுதுங்கள்.

மெலனி


பார்க் எக்ஸ்டென்ஷன்
24 ஜூலை 2025

மெலனிக்கு,

எல்லோருக்கும் தடிமனும் தும்மலும், வேறொன்றுமில்லை. நீ சுகமாய் இருப்பது சந்தோசம்.

வெள்ளை உடுப்பாம். வித்தியா தானே எடுத்து வைத்திருக்கிறாளாம், நீ தெரிவு செய்தால் பள்ளிக்கூட உடுப்பு மாதிரி இருக்குமாம். நான் சொல்லவில்லை.

துணி சரியோ, சரியோ என்று அம்மா தினமும் கேட்கிறார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நல்லது என்றால் நல்லதுதானே. அதைப் பற்றி இனி எழுதத் தேவையில்லை.

வேலைக்கு நேரமாகிறது.

டினோஜன்


ஆய்வு நிலையம்
4 ஆகஸ்ட் 2025

அண்ணைக்கு,

நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மூன்று கிழமை எண்களையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். மப்பான நாட்களில் மண் அதிகமாக மூச்சு விடுகிறது. வெயில் எறிக்கும் நாட்களில் குறைவாக விடுகிறது. இது தலைகீழ். சூடு கூடினால் மண் கூடத்தான் விடவேண்டும். கருவியைக் கழற்றினேன், குழாயை மாற்றினேன், ஒரு நாள் முழுக்க என்னையே திட்டினேன். கடைசியில் முதலாம் தேதி நடுமத்தியானம் அந்த உறையை என் தலையில் போட்டுக்கொண்டு குந்தினேன்.

அண்ணை, உள்ளே இருந்து பெட்டியில் ஒட்டியிருந்த இலக்கத்தை வாசித்தேன். சூரியன் எங்கே நிற்கிறது என்றும் சொல்ல முடிந்தது.

வெயில் நாளில் உள்ளே வெளிச்சம் போயிருக்கிறது. செடி இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த அளவால் மண் விட்ட மூச்சு குறைந்து தெரிந்திருக்கிறது. நிலம் நல்ல பிள்ளையாகத் தெரிந்ததன் காரணம் அந்த உறை.

முதலே சோதித்திருக்க வேண்டியவள் நான். வெளிச்சமானி பழுது என்பதால் துணியை நிலையத்துக்குள் அரையிருட்டில் மட்டும் தூக்கிப் பார்த்தேன், உங்கள் சொல்லை நம்பினேன். என் பங்கை நான் ஒத்துக்கொள்கிறேன். லூகாசியிடம் சொன்னதும், சரிந்த குடிலில் கிடந்த தடித்த தார்ப்பாயை வெட்டித் தந்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மனிதரிடம் கேட்காமல் மொன்றியலுக்குக் கடிதம் எழுதிய படித்தவள் நான்.

ஆனால் இது திரைத்துணி இல்லை. எந்தக் கடை? துணியின் பெயர் என்ன? பேராசிரியருக்கு நான் சொல்லியாக வேண்டும். உடனே எழுதுங்கள்.

மெலனி


ஆய்வு நிலையம்
21 ஆகஸ்ட் 2025

அண்ணைக்கு,

இரண்டு வியாழன் போய்விட்டது. தபால் பையில் எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்கு ஏதுமா? அம்மாவுக்கா? இங்கே தரவு விடுபட்ட நாட்களைக் கணினி தானாக ஊகித்து நிரப்பும். என் தலையும் இப்போது அதைத்தான் செய்கிறது. நான் நிரப்பியதில் நல்லது ஒன்றும் இல்லை.

பேராசிரியருக்கு எழுதினேன். அவருடைய பதில்: "உன் குறிப்பேட்டில் கடையில் வாங்கிய திரைத்துணி, வெளிச்சம் புகாது என்று நீயே ஒப்பமிட்டிருக்கிறாய். சந்தேகம் ஆதாரமாகாது. ஜூலை எண்களைக் கைவிடமுடியாது." அறிக்கைக்குக் கடைசி நாள் செப்டெம்பர் 25. அதில் என் பெயரும் போகிறது.

பொய் எண்ணுக்குக் கீழே என் பெயர் வரப்போகிறது. அது எந்தத் துணி என்று ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?

மெலனி


பார்க் எக்ஸ்டென்ஷன்
29 ஆகஸ்ட் 2025

தங்கச்சி,

எல்லோரும் சுகம். பயப்படாதே. எழுதாமல் இருந்தது நோய் வருத்தத்தால் அல்ல.

நான் கடைக்குப் போகவில்லை. அந்தக் கிழமை ஆறு நாளும் இரண்டு வேலை. அம்மாவிடம் அளவைக் கொடுத்து "வீட்டில ஏதும் தடிப்பாக் கிடந்தாத் தையுங்கோ" என்றேன். கோயிலில் பூசை உடுப்புகளைத் தோய்த்து மடிப்பது அம்மாதானே. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் புனிதர்களின் சுரூபங்களை மூடும் ஊதாத் துணியில் இரண்டு அப்போது வீட்டில் தோய்க்கக் கிடந்தன. "சூசையப்பரையே மூடுற துணி, உன்ர பெட்டியை மூடாதோ?" என்றார். ஒன்றை வெட்டித் தைத்தும் விட்டார். உனக்குக் கடை என்று எழுதினது நான். களைப்பில் எழுதினேன். நீ குறிப்பேட்டில் எழுதி ஒப்பம் வைப்பாய் என்று எனக்கெப்படித் தெரியும்?

நீ எந்தக் கடை என்று கேட்டபோது உண்மையை எழுத இரண்டு தரம் பேனையை எடுத்தேன். இரண்டு தரமும் கிழித்தேன். உன் பேராசிரியருக்குத் தெரிந்தால் எனக்கு ஒன்றுமில்லை. கோயிலில் தெரிந்தால்? கேட்காமல் எடுத்த துணி. பதினொரு வருடமாக அம்மா பூசை உடுப்பு அறையின் பூட்டுத் திறப்பை வைத்திருக்கிறார். இங்கே அவருக்கு இருக்கும் மரியாதை அது ஒன்றுதான். வேறு எங்கே போனாலும் அவர் பிரெஞ்சு தெரியாத ஒரு கிழவி.

வேறு ஏதாவது காரணம் சொல்லேன். மழையில் நனைந்தது, கிழிந்தது என்று. அம்மாவின் பெயர் வராமல்.

டினோஜன்


ஆய்வு நிலையம்
6 செப்டெம்பர் 2025

அண்ணைக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று வாசித்து ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் அடுத்த வரி வரைக்கும்தான்.

"நான் கடைக்குப் போகவில்லை." இதை ஜூலையில் எழுதியிருந்தால் நான் சிரித்துவிட்டு லூகாசியிடம் தார்ப்பாய் கேட்டிருப்பேன். இப்போது நான் இன்னொரு பொய் சொல்லவேண்டுமா? நனைந்தது என்றால் எந்த நாள் என்று பேராசிரியர் கேட்பார். கிழிந்தது என்றால் எவ்வளவு என்று கேட்பார். ஒரு பொய்யை வைத்து மற்றதைக் கழுவ என்னால் முடியாது.

அம்மாவின் மரியாதை எனக்கும் பெரிதுதான். ஆனால் நாங்கள் இப்படித்தானே பழகியிருக்கிறோம்? வெளியே யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது. காசுள்ள பெரிய ஆட்கள் நிலத்தைக் கெடுத்துவிட்டு அறிக்கையில் மறைக்கிறார்கள் என்று நான் கத்துகிறேன். எங்கள் வீட்டிலும் அதே வேலை.

நேற்று மற்ற மாணவர்கள் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள். நான் ஏறவில்லை. ஜூலை போய்விட்டதால் என் கையில் மிச்சம் இந்த இலையுதிர்காலம் மட்டும்தான். செடி பழுத்துச் சாகிறது, மண் மூச்சு விடுவதை நிறுத்தவில்லை. அதை அளக்க இங்கே யாரும் நிற்பதில்லை, பாடம் தொடங்கிவிடும் என்று ஓடிவிடுவார்கள். நிலையத்துக்காரரிடம் கேட்டு, சமைத்துக் கழுவித் தருகிறேன் என்ற ஒப்பந்தத்தில் ஒக்டோபர் முடிவு வரை நிற்கிறேன்.

ஞானஸ்நானத்துக்கு வரமாட்டேன். மச்சாளிடம் நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். உங்களிடம் கேட்கமாட்டேன்.

பேராசிரியரின் அறை பல்கலைக்கழகத்தில் பதினோராம் மாடியில். உங்கள் குசினியிலிருந்து நடந்தே போகலாம்.

மெலனி


பார்க் எக்ஸ்டென்ஷன்
19 செப்டெம்பர் 2025

மெலனிக்கு,

பிள்ளை சுகம். ஞானஸ்நானத்தில் தண்ணீர் ஊற்றியதும் அவள் போட்ட கூச்சல் அங்கே கேட்டிருக்கும். வித்தியாவின் தங்கை ஷெரோன் உனக்குப் பதிலாக நின்று பிள்ளையை ஏந்தினாள். ஞானத்தாய் என்று பதிவேட்டில் உன் பெயர்தான் இருக்கிறது. "ஞானத்தாய் எங்க?" என்று நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது பேருக்கும் "மண்ணுக்கு மூச்சுப் பாக்கிறாள்" என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்தது. வித்தியா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. உன்னோடு கோபமில்லையாம், என்னோடுதானாம். கடை விசயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை பின்னேர வேலைக்கு முன் பதினோராம் மாடிக்குப் போனேன். குசினி உடுப்பு. வாசலில் இருந்த பெண் நிமிர்ந்தும் பார்க்காமல், "சாப்பாட்டை மேசையில் வையுங்கள், மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றியும் சொன்னாள். சாப்பாடு இல்லை, மெலனியின் அண்ணன் என்றேன். பதினைந்து நிமிடம் கதிரையில் இருத்தினார்கள்.

உன் பேராசிரியர் கெட்ட மனிதன் மாதிரி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கை தந்தார், தண்ணீர் தந்தார். நான் எனக்குத் தெரிந்த குசினிப் பிரெஞ்சில் சொன்னேன்: கடை இல்லை. கோயில் துணி. அம்மா தைத்தது. நான்தான் பொய் எழுதினேன். அவர் பேனையை உருட்டிக்கொண்டு, "வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்கும், நாங்கள் கணக்கில் சரிசெய்யலாம்" என்றார்.

அம்மாவிடமிருந்து மற்றத் துணியைக் கொண்டு போயிருந்தேன். இரண்டாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அவருடைய பெரிய யன்னலுக்கு முன்னால் நின்றேன். "விரலைக் காட்டுங்கள்" என்றேன். இரண்டு காட்டினார். இரண்டு என்றேன். பிறகு ஐந்து. ஐந்து என்றேன். பிறகு ஒன்றும் காட்டாமல் நின்றார். "இப்ப மூக்கைச் சொறியிறீங்கள்" என்றேன்.

வாசலில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

துணியை எடுத்தபோது அவர் கதிரையில் போய் இருந்துவிட்டார். "எழுதி ஒப்பமிட்டுத் தருவீர்களா?" என்று கேட்டார். தந்தேன். மூன்று வரி. என் பிரெஞ்சுப் பிழைகளைக்கூட அவர் திருத்தவில்லை.

அன்றைக்கு வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்தினேன், சமையல் தலைவனிடம் நாய்ப் பேச்சு. போதுமோ?

டினோஜன்


ஆய்வு நிலையம்
27 ஒக்டோபர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் எல்லோரின் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். எனக்கு விரல் நுனி வெடித்திருக்கிறது. பேனை பிடிக்க முடிகிறது.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். மூக்குச் சொறிந்த இடத்தை லூகாசிக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சத்தத்துக்குக் கரடி ஓடியிருக்கும்.

பேராசிரியர் ஜூலை எண்களை எடுத்துவிட்டார். அறிக்கையின் முதற்பக்கமும் மாறிவிட்டது, அதைத் திருத்தக் கடைசி நாளை நவம்பர் முடிவுக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆச்சரியக்குறி இனி வராது. வரைபடத்தில் அந்த மூன்று கிழமை வெறுமையாகவே இருக்கும். கணினியை வைத்து நிரப்பலாம் என்றார், வேண்டாம் என்றேன்.

இங்கே பனி கொட்டிவிட்டது. மேலே ஒரு சாண் மண் கல்லாகிவிட்டது. அதன் கீழே இன்னும் ஈரமாக, இளகி, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பச்சை ஒன்றும் இல்லாததால் திருப்பி இழுக்க ஆள் இல்லை. மண் சரிந்த இடத்தில் அதிகம். ஒவ்வொரு நாளும் அளந்தேன். ஒவ்வொரு நாளும் விட்டது. இதை முன்பு யாரும் இந்த இடத்தில் எழுதி வைக்கவில்லை.

ஆனால் முழு வருடத்துக்கும் இந்த நிலம் இழுத்ததா, விட்டதா? என்னால் சொல்ல முடியாது. நடுவில் ஜூலை இல்லை. அடுத்த கோடைக்கு மறுபடி வரவேண்டும். பட்டம் ஒரு வருடம் பின்னால் போகிறது. உதவிப்பணம் நீட்டுவார்களா என்பதும் தெரியாது. இதை எழுதும்போது உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால், அது நீங்கள் சொன்ன கடை மாதிரித்தான்.

அறிக்கையின் அடிக்குறிப்பை நான் எழுதினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டபடி பெயர் போடவில்லை.

"10 ஜூலை முதல் 1 ஆகஸ்ட் வரை எடுத்த இருட்டு அளவுகள் நீக்கப்பட்டுள்ளன. மூடிய துணி வெளிச்சத்தை உள்ளே விட்டது. அது தேவாலயத்தில் பாவிக்கும் துணியைக் கொண்டு அளவெடுத்தவரின் குடும்பத்தினர் தைத்தது."

ஆறாம் தேதி விமானம்.

மெலனி


பார்க் எக்ஸ்டென்ஷன்
2 நவம்பர் 2025

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். இந்தக் கடிதம் நீ புறப்பட முதல் கிடைக்குமோ தெரியாது. இருந்தாலும் இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று பூசை முடிந்து வந்து அடிக்குறிப்பைத் தமிழில் வாசித்தேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டார்.

"குடும்பத்தினர் எண்டா ஆர்?"

"நாங்கள்தான் அம்மா. பேர் வராது. கோயிலில ஒருத்தருக்கும் தெரியாது."

"கோயிலில ஏன் தெரியாது? நான் சவிரிமுத்து ஃபாதருக்குப் போன மாசமே சொல்லிப்போட்டன்."

ஃபாதர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வாற தபசுக்கு சூசையப்பர் மூடாமல் நிக்கட்டும், அவர் ஒண்டும் சொல்லமாட்டார் எண்டார். திறப்பைக் குடுத்தன், வாங்கேல்லை. நீதான் என்னைக் கேக்காமல் எனக்காக வெக்கப்பட்டுக்கொண்டு திரிஞ்சனி."

அம்மா திரும்பக் கத்தியை எடுத்தார். பிறகு திரும்பவும் வைத்தார்.

"என்ர பேரைப் போடச் சொல்லு."

"அம்மா, அது பிழைக்குப் போடுற குறிப்பு. பெருமைக்கு இல்லை."

"எனக்கு விளங்காதோ? மெலனிக்கு ஒரு வருசம் வீணாப் போட்டுது. அது ஆளில்லாமல் நடந்த பிழையோ? தைச்சது நான். செலீன் எண்டு முழுசாப் போடச் சொல்லு."

ஆகவே போடு. புத்தகம் மாதிரி ஒன்றில் எங்கள் குடும்பத்தின் பெயர் முதன்முதலாக வருவது இதற்குத்தான் என்றால், வரட்டும். உறையைத் தைத்தவர் செலீன். கடையில் வாங்கியதாகப் பொய் எழுதியவர் டினோஜன். இரண்டையும் போடு. என்னுடையதை விட்டுவிட்டு அம்மாவுடையதை மட்டும் போட்டாயோ, பதினோராம் மாடிக்கு இன்னொருமுறை போவேன்.

அண்ணன்
டினோஜன்